மனம் திறக்கச் சொல்லும் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் அலுவலகத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. போன வருடம் அதில் இரண்டு தாள்கள் அருகருகே குத்தப்பட்டிருந்தன. இடது பக்கம் இளநீலத்தில், 'மனநல வாரம்: வாருங்கள், மனம் திறந்து பேசுவோம்'. வலது பக்கம் எடைக் குறைப்புப் போட்டியின் வாராந்தரப் பட்டியல். இருபத்தேழு பேரின் பெயர், போன வார எடை, இந்த வார எடை. குறைந்திருந்தால் பச்சை அம்பு, கூடியிருந்தால் சிவப்பு அம்பு. இரண்டு தாளையும் குத்தியவர் நீங்கள்தான். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த மஞ்சள் குண்டூசிகள். என் பெயர் கீழிருந்து மூன்றாவது. சிவப்பு அம்பு.

போட்டியில் சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, உண்மைதான். 'சும்மா ஜாலிக்குத்தான் மேடம்' என்றார்கள். நூறு கிலோவைத் தாண்டிய ஒருத்தி அப்படியொரு போட்டியில் சேராமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். அந்த எடையில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இதை எங்கள் அலுவலகத்து மனிதவளத் துறைக்கு மட்டும் எழுதவில்லை. வேறு நிறுவனங்களில் வேலை பார்க்கும் நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். போஸ்டரின் நிறம்தான் மாறுகிறது. கூட்டம், கைதட்டல், குழுவாக ஒரு படம், அப்புறம் அடுத்த வருடம் மறுபடியும் கூட்டம். ஆகவே மனநல வாரம் நடத்தும் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூடினோம். பதினான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லாமே இரண்டு பக்கமும் கை வைத்தவை, சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த கை. அதில் என்னால் உட்கார முடியும். எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வரும். முன்பொரு கூட்டத்தில் வந்திருக்கிறது. அதனால் சுவரோரமாக நின்றுகொண்டேன். 'ஏன் நிக்கறீங்க, வந்து உக்காருங்க' என்று நடத்த வந்தவர் கனிவாகத்தான் கூப்பிட்டார். 'முதுகுவலி' என்றேன். மனம் திறந்து பேசும் கூட்டத்தின் முதல் பொய்யைச் சொன்னவள் நான்.

ஆனாலும் பேசினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆண்டுக்கணக்கு முடிக்கும் நாட்களில் எனக்கு வந்ததைச் சொன்னேன். இரவு பதினொன்றரை மணி, திரையில் ஓர் எண் மறு எண்ணோடு சேரவில்லை, திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, இதோ செத்துவிடப் போகிறோம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. மாரடைப்பென்று ஓடினேன். இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றக் கோளாறு என்றார்கள். மருந்து எடுத்தேன், மனநல ஆலோசகரிடம் போனேன், தேறினேன். இதைச் சொல்லி முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அறை அமைதியாக இருந்தது. அப்புறம் எல்லாரும் கைதட்டினார்கள். 'எவ்வளவு தைரியம்!' என்றார் நடத்தியவர். அன்று வீட்டுக்குப் போகும்போது உண்மையிலேயே மனசு லேசாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

நான்கு மாதம் கழித்து எங்கள் பிரிவின் தலைமைப் பொறுப்பு காலியானது. ஒன்பது வருடமாக அந்த நாற்காலிக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவள் நான். மேலாளர் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். 'அந்த வேலையில டென்ஷன் ஜாஸ்தி. உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.'

எங்கும் எதுவும் எழுதப்படவில்லை. எந்தக் கோப்பிலும் என் நோயின் பெயர் இல்லை. சட்டப்படி யார் மேலும் குற்றம் சொல்ல வழியில்லை. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஏழெட்டு நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை என்னவென்று, கணக்கு எழுதுகிறவளாக, என்னால் மாதச் சம்பளத்தில் கூட்டிச் சொல்ல முடியும். கைதட்டியவர்கள் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

என் வாதம் இதுதான். மனம் திறந்து பேசுவது நல்லது என்று சொல்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் அதன் செலவு எப்போதும் பேசுகிறவர் கணக்கில்தான் விழுகிறது, அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. நிர்வாக இயக்குநர் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசினால் அது துணிச்சலான தலைமை. நான் பேசினால் 'டென்ஷன் தாங்கமாட்டாங்க'.

அந்த நாற்காலிகளை வட்டமாகப் போட்டவர் பேசினால் என்ன ஆகும்? தெரியாது, ஏனென்றால் அவரை யாரும் பேசக் கூப்பிடவே இல்லை. துப்புரவு வேலை, ஒப்பந்தக்காரர் மூலமாக வருகிறவர். பதினான்கு நாற்காலியையும் தூக்கி வந்து போட்டார், தண்ணீர் பாட்டில்களை வைத்தார், கூட்டம் தொடங்கியதும் கதவை வெளியிலிருந்து சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். சுற்றறிக்கையை அப்புறம் எடுத்துப் பார்த்தேன்: 'நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்'. ஒரு நாள் கழிவறையில் நான் அழுதுகொண்டிருந்தபோது, ஒன்றும் கேட்காமல், 'ஈரமாக உள்ளது' என்ற மஞ்சள் பலகையை வாசலில் வைத்து, யாரும் உள்ளே வராதபடி பத்து நிமிடம் நின்றவர் அவர்தான். எங்கள் அலுவலகத்தில் நடந்த மிகச் சிறந்த மனநல உதவி அதுதான் என்பேன். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

நான் ஏதோ சொந்த வருத்தத்தில் எழுதுவதாக நினைப்பீர்கள். சரி, படித்ததையும் சொல்கிறேன்.

1967-இல் லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. வொயிட்ஹால் ஆய்வு என்பார்கள். சுரங்கத் தொழிலாளியோ வேலையில்லாதவரோ அதில் இல்லை; எல்லாரும் அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். மேல்மட்ட அதிகாரிகளோடு ஒப்பிட்டால், கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறப்பது மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மறையவில்லை. அதுவும் மேலே உள்ளவர், கீழே உள்ளவர் என்று இரண்டாகப் பிரியாமல், படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு பதவிக்கும் ஒவ்வொரு படியாக இறங்கியது. 1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலை மீது தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் இதில் ஒரு காரணம் என்று காட்டியது. எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்று எதையுமே தீர்மானிக்க முடியாதவருக்கு உடம்பும் கெடுகிறது, மனசும் கெடுகிறது. உங்கள் வட்டத்துக்குள்ளேயே வராதவர்தான் அந்தப் படிக்கட்டின் கடைசிப் படி.

எடைப் பட்டியலுக்கு வருகிறேன். அதில் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறை குறியீட்டையும் ஒரு பத்தியாகப் போட்டிருந்தீர்கள். அந்தக் கணக்கை 1830-களில் போட்டவர் அடோல்ப் கெட்லே என்ற பெல்ஜியத்து வானியலாளர், கணித அறிஞர். மருத்துவர் அல்ல. 'சராசரி மனிதன்' என்பவன் எப்படி இருப்பான் என்று புள்ளிவிவரத்தில் தேடினார். ஒரு தனி ஆள் ஆரோக்கியமாக இருக்கிறாரா என்று சொல்ல அவர் அதைச் செய்யவில்லை. 1972-இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் அதற்கு இன்றைய பெயரை வைத்தார்கள். அவர்களும் பெருங்கூட்டத்தை ஆராயப் பொருத்தமான அளவை என்றுதான் அதைப் பரிந்துரைத்தார்கள். மருத்துவரின் அறையில், இரத்தப் பரிசோதனையோடும் குடும்ப வரலாற்றோடும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு ஒரு பயன் இருக்கலாம். லிஃப்டுக்குப் பக்கத்தில் என்ன பயன்?

இதே அன்செல் கீஸ் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். உங்களுக்கு அதுதான் முக்கியம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை வைத்து அவர் ஒரு பரிசோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இதற்குத் தாமாக முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கொடுக்கப்பட்டது. எடை கால்வாசி குறைந்தது. குறைந்தது எடை மட்டுமல்ல. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தவர்கள் இருந்தார்கள். எரிச்சல், மனச்சோர்வு, சிரிப்பே இல்லாமல் போவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது. நல்ல மனநலத்தோடு உள்ளே போனவர்களைப் பசி மட்டுமே இப்படி ஆக்கியது. மறுபடி போதிய உணவு கிடைத்த பிறகும் பலருக்கு அந்த மனநிலை உடனே போகவில்லை.

ஒரே பலகையில் ஒரு தாள் பட்டினிக்குப் பரிசு கொடுக்கிறது, பக்கத்துத் தாள் 'மனசு சரியில்லையா, வந்து பேசுங்கள்' என்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மிகைப்படுத்துகிறேனா? எங்கள் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பெண்ணை எல்லாரும் சூழ்ந்துகொண்டு 'எப்படி, எப்படி?' என்று கேட்டார்கள். அவள் சிரித்துச் சமாளித்தாள். ஆறு வாரம் கழித்து மாடிப்படியில் மயங்கி விழுந்தாள், நீண்ட விடுப்பில் போனாள். உணவுண்ணல் கோளாறு என்று திரும்பி வந்த பிறகு என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை, நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லாம் தொடங்கியது இந்தப் போட்டிக்கு முன்னாலேயே. போட்டி அதற்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். இன்னொன்று: அவள் ஒருபோதும் ஒல்லியாக இருந்ததில்லை, பரிசு வாங்கிய அன்றும்கூட. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநலக் கையேட்டின் 2013 பதிப்பே, எடை சாதாரண அளவிலோ அதற்கு மேலோ இருக்கும்போதும் ஒருவருக்குத் தன்னைத்தானே பட்டினி போட வைக்கும் இந்த நோய் இருக்கலாம் என்று தனியாகக் குறிப்பிடுகிறது. குண்டானவள் பட்டினி கிடந்தால் ஊரே கைதட்டும். ஒல்லியானவள் கிடந்தால்தான் அது வியாதி.

நம் பேச்சிலேயே இது எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். 'இளைச்சுட்டியே' என்பது முன்பெல்லாம் கவலைப்பட்டுக் கேட்பது. உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன என்று அடுத்த கேள்வி வரும். இப்போது அலுவலகத்தில் 'இளைச்சுட்டீங்களே!' என்றால் பாராட்டு, நன்றி சொல்ல வேண்டும். காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தபோது என்னிடமும் அப்படிச் சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டி நன்றி சொன்னேன். 'பூசினாற்போல இருக்கீங்க' என்பதற்கு மட்டும் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. நிறத்தைப் பற்றிய பேச்சு தனிக் கதை. வரவேற்பு மேசைக்கு யாரை உட்கார வைக்கிறீர்கள், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் யாரை உட்கார வைக்கிறீர்கள் என்று ஒரு தடவை நடந்து பார்த்தாலே போதும், எந்த வட்டமும் தேவையில்லை.

மனநலம் என்ற சொல்லை வைத்து அநியாயத்தை மூடுவது புதிதல்ல. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் எஜமானனிடமிருந்து தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் வைத்தார், டிராப்டோமேனியா என்று. ஓடியவனைச் சோதித்தார், அவன் எதிலிருந்து ஓடினான் என்று பார்க்கவில்லை. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் எடுத்தது 1973-இல்தான். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-இல். அதுவரை எத்தனை பேரைக் கெடுதலே இல்லாத ஒன்றுக்காகக் குணப்படுத்தப் பார்த்திருப்பார்கள்! உங்களைக் கார்ட்ரைட் என்று சொல்லவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் தளர்ந்ததும் 'மன உறுதிப் பயிற்சி'க்கு அனுப்புகிறீர்களே, அப்போது நீங்களும் ஆளைத்தான் சோதிக்கிறீர்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து நான்கு எண்ணி விடும் பயிற்சி எனக்கு உதவியது, பொய் சொல்லமாட்டேன். அது இரவு பதினொன்றரையை மாலை ஆறாக மாற்றவில்லை.

ஒரே ஒரு தடவை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது பலன் தரும் என்ற நம்பிக்கையையும் மறுபடி பாருங்கள். பேரிடரிலோ விபத்திலோ சிக்கியவர்களை உடனே உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒற்றை அமர்வு முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, அது பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று கண்டது. அதற்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு சொல்வதைச் சுருக்கினால், பார், கேள், இணை. பேசச் சொல்லி நெருக்காதே, பேசினால் கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. பேரிடர் வேறு, அலுவலகம் வேறு என்பது தெரியும். ஆனாலும் அந்த மஞ்சள் பலகையை வைத்துக்கொண்டு நின்றவர் இந்தக் கையேட்டைப் படித்திருக்கமாட்டார், அதில் சொன்னபடிதான் செய்தார்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநல வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் வருடத்துக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்ற கணக்கு அப்போது பேசப்பட்டது. உங்கள் சுற்றறிக்கைகளிலும் அந்த எண் இருக்கிறது. அதே வழிகாட்டுதல், வேலைப்பளு, வேலை நேரம், வேலையிடத்து நடத்தை போன்றவற்றை மாற்றச் சொல்கிறது, மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. அந்தப் பகுதி மட்டும் சுற்றறிக்கையில் வரவில்லை. நகல் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. எங்களை மனம் திறக்கச் சொல்லும் முன்னால் நீங்கள் கணக்கைத் திறங்கள். மனநலக் காரணம் சொல்லி விடுப்பு கேட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கிடைத்தது, ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அதே பதவியில், எத்தனை பேர் மேலே, எத்தனை பேர் வேலையிலேயே இல்லை? பெயர் வேண்டாம், எண்கள் போதும். இது உங்களிடம் இருக்கிறது. இல்லையென்றால் ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம், வேண்டுமானால் நானே எடுத்துத் தருகிறேன். அந்தத் தாளை லிஃப்டுக்குப் பக்கத்தில் குத்துங்கள். எங்களைவிட அதிகமாக அது பேசும். வட்டத்தில் கேட்டதைப் பதவி உயர்வில் பயன்படுத்தமாட்டோம் என்று மேலாளர்கள் வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கையெழுத்துப் போடட்டும், மீறினால் யாரிடம் முறையிடுவது என்பதும் அதில் இருக்கட்டும். ஒப்பந்தப் பணியாளர்களையும் கூப்பிடுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கூலியில் கைவைக்காமல். அவர்கள் வரமாட்டேன் என்றால் அதையும் மதியுங்கள். ஏன் வரவில்லை என்பதைக் கூட்டம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எடைப் பட்டியலைக் கழற்றுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. குண்டூசி நாலே நாலுதான்.

இந்த வருடத்துச் சுற்றறிக்கை நேற்று வந்தது. அதே வியாழன், அதே மூன்று மணி, அதே அறை. வரலாமா வேண்டாமா என்று இரவு வெகுநேரம் யோசித்தேன். வருகிறேன். பழைய பொருள் போட்டு வைக்கும் அறையில் கை இல்லாத நாற்காலி நான்கு இருக்கிறது, உடைந்த பிரிண்டருக்குப் பின்னால். அதில் ஒன்றைத் துடைத்து எடுத்துப் போடச் சொல்லுங்கள். இல்லை, அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் ஏற்கெனவே பதினான்கு தூக்குகிறார். நீங்களே எடுத்து வந்து போடுங்கள்.

இப்படிக்கு,
கீழிருந்து மூன்றாவது பெயர்
கணக்குப் பிரிவு